கே ஸ்டார் பாடிய 78 தட்டு, 60 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். பழைய பொருள் கடை ஒன்றில் அமெரிக்கப் பாடகி கே ஸ்டார் பாடிய 'ராக் அண்ட் ரோல் வால்ட்ஸ்' இசைத்தட்டைப் பார்த்தேன். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத் தட்டு, 78 வேகம், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்து அபூர்வத் தட்டு என்று சொல்லி 60 டாலர் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 33, 45 மட்டும் ஓடும் பிளேயர். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். பழசு என்பது சரி, அபூர்வம் என்பது சரியில்லை. 1956-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு இது, அதே ஆண்டு பிரிட்டனிலும் முதலிடம், அங்கே எச்.எம்.வி. லேபிளில் வந்தது. அந்த அளவுக்கு விற்ற தட்டு இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கிறது, பொறுமையாகத் தேடினால் சில டாலருக்கே கிடைத்துவிடும்.

ராக் அண்ட் ரோல் கேட்கலாம் என்று நினைத்து வாங்கினாலும் ஏமாந்துபோவீர்கள். கே ஸ்டார் ஜாஸ் குழுக்களில் வளர்ந்தவர், 1939-லேயே க்ளென் மில்லர் குழுவோடு பாடிப் பதிவு செய்தவர். இது ஒரு வேடிக்கைப் பாட்டு. இரவு வீடு திரும்பும் மகள் எட்டிப் பார்க்கிறாள், அவளுடைய ராக் அண்ட் ரோல் ரெக்கார்டைப் போட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் அதற்கு வால்ட்ஸ் என்ற பழைய ஜோடி நடனம் ஆடப் பார்க்கிறார்கள். அதனால் பாட்டும் வால்ட்ஸின் மூன்றெண்ணிக்கைத் தாளத்தில்தான் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, பெற்றோரைக் கேலி செய்யும்போதும் அந்தக் குரலில் பிரியம் குறையவே இல்லை.

அப்புறம் உங்கள் பிளேயர். அதில் 78 வேகமே இல்லை. இருந்தாலும் பழைய 78 தட்டில் ஊசி ஓடும் பள்ளமான வரிகள் அகலமானவை, எல்.பி. எனப்படும் 33 வேகத் தட்டுக்கான ஊசி அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும், அதற்குத் தனி ஊசி வேண்டும். இதே பாட்டு 45-லும் வந்திருக்கிறது, அதைத் தேடுங்கள். நடுத்துளை ஒன்றரை அங்குலம் இருக்கும், அதில் பொருத்தும் அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை, 78-தான் வேண்டும் என்றால் தட்டை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் கனத்த இரும்பு ஊசி வரிகளைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். விளிம்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் சுற்றுக்கு ஒரு 'டிக்', நிமிடத்துக்கு 78 தடவை கேட்கும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.