வாயைக் கட்டி வைத்த ஆர்என்ஏ

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரு உருவான புதிதில், தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்த ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) வைத்தே அதன் வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆர்என்ஏ சட்டென்று சிதைந்துவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? கொரோனா தடுப்பூசி ஒன்றை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்ததே. முட்டை மட்டும் எப்படிக் காப்பாற்றுகிறது?

மீனா

அன்புள்ள மீனா,

தடுப்பூசியில் இருப்பது கொழுப்புத் துகளுக்குள் வைத்த ஆர்என்ஏ. முட்டையில் கதை வேறு. அங்கே ஆர்என்ஏவைப் புரதங்கள் மொய்த்துக்கொள்கின்றன. சுண்டெலியின் முட்டையில் எம்எஸ்ஒய்2 என்ற ஒரே புரதம் மொத்தப் புரதத்தில் சுமார் 2 சதவீதம். ஒரு செல்லுக்கு இது கொள்ளை அதிகம். இந்தப் புரதம் இல்லாத பெண் சுண்டெலிக்குக் குட்டி பிறப்பதில்லை.

சிதையாமல் காப்பது பாதி வேலைதான். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் அந்த ஆர்என்ஏவைப் படித்து, நேரம் வரும் முன்பே புரதம் செய்துவிடாமல் தடுப்பதும் வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

பழ ஈயைப் பாருங்கள். ஒரு செல் பிளந்து 16 ஆகிறது. அதில் ஒன்றுதான் முட்டை. மற்ற 15-ம் செவிலிச் செல்கள். ஆஸ்கார் என்ற ஆர்என்ஏ செவிலிச் செல்களில் உருவாகி, குறுகிய வழிகளில் முட்டைக்குள் வருகிறது. அதுவரை இழுத்து வருவது டைனீன் என்ற மோட்டார் புரதம். உள்ளே வந்தபின் கைனசின் பொறுப்பேற்று, முட்டையின் பின்முனைக்குக் கொண்டுபோகிறது. ஆர்என்ஏவோடு ஒட்டியிருக்கும் ஸ்டாஃபென் புரதமும் இதற்கு வேண்டும். வழியெல்லாம் புரூனோ என்ற இன்னொரு புரதம் அதன் வாயைக் கட்டிவைக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆஸ்கார் புரதம் உருவாகலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், அந்தப் புரதம் இருக்கும் இடத்தில்தான் இனப்பெருக்கச் செல்கள் உருவாகும். 1992-இல் ஆன் எஃப்ருஸ்ஸி, ரூத் லேமன் என்ற விஞ்ஞானிகள் ஆஸ்கார் ஆர்என்ஏவை வேண்டுமென்றே முன்முனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலை வர வேண்டிய பக்கத்தில் இனப்பெருக்கச் செல்கள் வந்து நின்றன!

சரி, கட்டை அவிழ்ப்பது யார்? தவளை முட்டையில் அது சிபிஇபி என்ற புரதம். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வந்து முட்டையைத் தட்டி எழுப்பும்வரை, சில ஆர்என்ஏக்களின் வால் (அதன் கடைசிப் பகுதி) நீளாமல் பிடித்துவைத்திருப்பது இதுதான். ஹார்மோன் வந்ததும் இந்தப் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழு ஒன்று ஏறுகிறது. அப்புறம் ஆர்என்ஏவின் வால் நீள்கிறது, ரைபோசோம் வேலையைத் தொடங்குகிறது. பூட்டும் அதே புரதம், சாவியும் அதே புரதம்.