மகனுக்கு 15 வயதாகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா, காத்திருக்கலாமா?

காட்டுங்கள். இந்த மாதமே காட்டுங்கள். காத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், அதுவும் பையனைப் பரிசோதித்த பிறகு.

"அவன் அப்பாவும் லேட்டாகத்தான் வளர்ந்தாராம், என் மாமியார் கவலைப்படாதே என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நாலு வருடம் ஓடியது. அப்பாவும் சித்தப்பாவும் கல்லூரிக்குப் போன பிறகுதான் நெடுநெடுவென்று வளர்ந்தார்கள், அது உண்மை. ஆனால் எனக்கு இருந்தது அது இல்லை.

பயமுறுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாமதமாகப் பருவமடையும் பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. குடும்பத்தில் வழிவழியாக வரும் தாமதம், அவ்வளவுதான். மூளையிலிருந்து வர வேண்டிய கட்டளை இரண்டு மூன்று வருடம் பிந்தி வரும், வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். உங்கள் மகனும் அப்படித்தான் இருக்க அதிக வாய்ப்பு. சிக்கல் என்னவென்றால், தைராய்டு குறைந்தவன், குடலில் நாள்பட்ட நோய் இருப்பவன், சரியாகச் சாப்பிடாமல் இளைத்தவன், என்னைப் போன்றவன், எல்லோரும் 15 வயதில் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருப்போம். வீட்டிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது.

எனக்கு 16 வயதில் வீட்டுக்குப் போன் வந்தால் நான் எடுத்து ஹலோ சொன்னதும், "வீட்டில் பெரியவங்க இருக்காங்களாம்மா" என்று கேட்பார்கள். அம்மா! அதன் பிறகு போன் எடுப்பதையே விட்டுவிட்டேன். மணி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுவேன். 18 முடிந்த பிறகு, காய்ச்சலுக்காகப் போன இடத்தில், ஒரு மருத்துவர் காய்ச்சலை விட்டுவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். சுவரோடு நிற்க வைத்து இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தார். கைகளின் நீளம் என் உயரத்தைவிட 7 செ.மீ. கூடுதல். பிறகு ஒரு மணிச்சரத்தை எடுத்தார். அதில் சிறியதிலிருந்து பெரியது வரை 12 மணிகள், 1 மில்லி முதல் 25 மில்லி வரை எண் போட்டிருக்கும். விரையின் அளவை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 4 மில்லி வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. எனக்கு 2.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "உனக்கு வாசனை தெரியுமா?" தெரியும் என்றேன். கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, என்ன வாசனை என்று கேட்டார். ஒன்றும் இல்லையே என்றேன். கண்ணைத் திறந்தால் மூக்குக்குக் கீழே திறந்த காப்பித்தூள் பாட்டில். பால் தீய்ந்தால் வீட்டில் எல்லோரும் அடுப்படிக்கு ஓடுவார்கள், நான் மட்டும் உட்கார்ந்தே இருப்பேன். எனக்கு எப்போதும் மூக்கடைப்பு என்று எல்லோரும் நம்பினோம், நானும் நம்பினேன்.

இதற்குக் கால்மன் நோய்க்குறி என்று பெயர், 1944இல் இதை விவரித்து எழுதியவரின் பெயர். பருவத்தைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில்தான் தோன்றுகின்றன, வாசனை நரம்புகளின் வழியே மூளைக்குள் போய்ச் சேர்கின்றன. அந்த வழி சரியாக அமையாவிட்டால் வாசனையும் இல்லை, பருவமும் இல்லை. அபூர்வமான குறைதான். ஆனால் நான் காத்திருந்திருந்தால் 40 வயதிலும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் என் பெயரையும், "வயசுக்கு வராத பையன், ஹார்மோன் டெஸ்ட்" என்பதையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. பெயரை மட்டும் கூப்பிட்டால் போதாதா? நோயாளிக்கும் மானம் உண்டு.

சிகிச்சை எனக்கு நன்றாகவே வேலை செய்தது. ஊசி தொடங்கி ஒரு வருடத்துக்குள் குரல் உடைந்தது. ஆனால் இழந்த வருடங்களின் கணக்கு எலும்பில் தெரிந்தது. எலும்பு கெட்டிப்படும் வயதில் ஹார்மோன் இல்லாததால், 27 வயதில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைவு என்று வந்தது. குழந்தைக்காக வேறு ஊசிகளை ஒரு வருடத்துக்கும் மேல் போட்டுக்கொண்டேன், இப்போது மகள் இருக்கிறாள். மனசு மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன்களுக்கு 14 வயது முடிந்தும் விரை பெரிதாகத் தொடங்காவிட்டால் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 13 வயதுக்குள் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதுக்குள் மாதவிடாய் வராவிட்டாலும் அப்படியே. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், காலையில் ரத்தம் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள், முதல் நாளே எல்லோருக்கும் விடை கிடைத்துவிடாது. வெறும் தாமதம்தான் என்றாலும், பையன் ரொம்ப நொந்துபோயிருந்தால் சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் ஊசி கொடுத்துத் தூண்டிவிடுவதும் உண்டு. பிறந்தபோது அவனுக்கு விரை இறங்காமல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள், இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனையின்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டுமா என்பதை அவனையே கேளுங்கள்.

இன்று ராத்திரி அவன் கண்ணை மூடச் சொல்லி, மூக்குப் பக்கத்தில் ஒரு சோப்பைப் பிடித்துப் பாருங்கள். "வாசனை தெரியுமா" என்று வாயால் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். நானும் தெரியும் என்றுதான் சொன்னேன்.