கேளுங்கள், சொல்கிறேன்: பதின்ம வயதினருக்கான காணொளிகளும் புத்தகங்களும்

கேள்வி: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். கண்டித்தால், "அறிவியல்தானே பார்க்கிறேன்" என்கிறான். புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எதைப் பார்க்க விடலாம், எதைப் படிக்கக் கொடுக்கலாம்?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: அம்மா, அவன் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். எதையோ வெடிக்க வைத்துவிட்டு, காரணத்தைச் சொல்லாமல் அடுத்ததற்குத் தாவும் அரை நிமிடத் துணுக்குகளுக்கும் அறிவியல் என்றுதான் பெயர் வைக்கிறார்கள். அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் உறுதியாக நம்பியிருந்த ஒரு காரணத்தைக் காணொளி அசைத்துப் பார்க்கிறதா என்பதே என் அளவுகோல்.

'வெரிட்டாசியம்' என்ற யூடியூப் அலைவரிசையில் 2019இல் வந்த ஒன்றைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகள் மிதக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அலைவரிசையை நடத்தும் டெரெக் முல்லர் படகில் போகிறார். இத்தனை பந்துகள் எதற்கு? தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்கு என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம். ஆவியாவது குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதன்மைக் காரணம் வேறு. நீரில் இயல்பாகவே உள்ள புரோமைடும், கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினும் வெயில் பட்டால் புரோமேட் என்ற வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. அது புற்றுநோயைத் தூண்டக்கூடியது. வெயிலை மறைத்துவிட்டால் அந்த வேதிவினைக்கு வழியில்லை. கறுப்பு நிறம் சூட்டை இழுக்காதா என்று உங்கள் மகன் கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மகிழ்வேன்.

பார்த்து முடித்ததும், நம் சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 1,22,000 சூரியத் தகடுகள் மிதப்பதை நினைவூட்டுங்கள். அவை வெயிலை மறைக்கவா, பிடிக்கவா, இரண்டுக்குமா என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். "சரி, இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட நொடியே அது துணைப்பாட வகுப்பாகிவிடும்; வாரம் முழுவதும் அவன் பார்ப்பது போதாதா?

'ஸ்மார்ட்டர் எவ்ரி டே' அலைவரிசையில் இன்னொன்று இருக்கிறது. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும் சைக்கிளை ஓட்டப் பழக, பொறியாளரான தந்தைக்கு எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சிறு மகனுக்கு இரண்டே வாரம். பெரியவர்கள் தோற்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கசக்குமா என்ன?

புத்தகத்துக்கு வருகிறேன். கையில் திருப்புளி கிடைத்தால் எதையாவது கழற்றிப் பார்க்கும் பையன் என்றால், வில்லியம் கம்குவாம்பா எழுதிய 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் த விண்ட்' நூலைக் கொடுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பஞ்சம் வந்து, கட்டணம் கட்ட வழியின்றிப் பள்ளியை விட்டு நின்ற சிறுவன் அவர். சிறு நூலகம் ஒன்றில் கிடைத்த இயற்பியல் புத்தகத்தின் படங்களைப் பார்த்து, பழைய சைக்கிளையும் டிராக்டர் விசிறியையும் கொண்டு காற்றாலை கட்டி வீட்டில் விளக்கெரித்தார். இளையோருக்கான சுருக்கப் பதிப்பும் உண்டு. முதலில் அதையே கொடுங்கள்.

கேள்வி: ஐயா, தமிழ்ப் புத்தகம் என்றாலே அறிவுரையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லாதவற்றைச் சொல்லுங்களேன்.
- 15 வயது மாணவி, ஈசூன்

பதில்: உன் புகார் நியாயமானது. திருந்திய சிறுவர்களின் கதைகளை நானும் போதுமான அளவு படித்துவிட்டேன்.

ஜெயமோகனின் 'பனிமனிதன்' நாவலில் தொடங்கு. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. அடுத்து, இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சிறிய நூல். ஓயாமல் கேள்வி கேட்டதற்காக ஆசிரியர்களிடம் அடிவாங்கும் மாணவியைப் பற்றியது. முடிவு கலங்க வைக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். இதில் அறிவுரை இல்லாமல் இல்லை. ஆனால் அது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு!

கதை வேண்டாம் என்றால் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' இருக்கிறது. ஜூனியர் விகடன் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களின் தொகுப்பு. எந்தப் பக்கத்தையும் புரட்டிப் படிக்கலாம். கணினி பற்றிய பதில்களுக்கு வயதாகிவிட்டது, நையாண்டிக்கு ஆகவில்லை.

அங் மோ கியோ நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் தேடு. ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் மூன்றாவது நிலையம்தான்.

கேள்வி: பேரனோடு உட்கார்ந்து இவற்றைப் பார்க்க ஆசை. எனக்கு ஆங்கிலம் போதாது.
- ஒரு தாத்தா, பிடோக்

பதில்: 'எல்எம்இஎஸ்' அலைவரிசையில் பிரேமானந்த் சேதுராஜன் அறிவியலையும் பொறியியலையும் தமிழிலேயே விளக்குகிறார். அதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலக் காணொளி என்றால் பேரனை இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறினால் எடுத்துக்கொடுங்கள். சாதாரண நிலை (ஓ லெவல்) தமிழ் வாய்மொழித் தேர்விலும் காணொளியைக் காட்டித்தான் உரையாடச் சொல்கிறார்கள். அதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், எழுந்து போய்விடுவான்.