பங்குனி, சித்திரையில் வேட்டை நாய்களோடு கிராமத்தில் நாள் எப்படிப் போகும்?

"ஊரில் வேட்டை நாய் வளர்ப்பவர்களுக்கு வசந்த காலத்தில் அன்றாடம் எப்படிப் போகும்? கிராமத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் துணையாக ஒரு சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி. முதல் பாதிக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இரண்டாவது கடைசியில் வரும்.

எனக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊர். சிப்பிப்பாறை என்கிற ஊரே எங்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த நாய்கள் எங்களுக்கு அதிசயம் இல்லை, சின்ன வயதிலிருந்து தெருவில் பார்த்து வளர்ந்தவை. வீட்டில் இப்போது இரண்டு. ராணி, கன்னி என்கிற இனத்து நாய். உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலேயும் கால்களிலும் பழுப்பு. வயதாகிவிட்டது. சூரன், செவலை நிறத்துச் சிப்பிப்பாறை. இன்னும் இரண்டு வயது முடியவில்லை, புத்தியும் அந்த அளவுதான்.

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில் தொடங்குகிறது. எங்கள் ஊரில் அது தினமும் காலை எட்டு மணியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வெயில். ஆகவே இந்த மாதங்களில் வேட்டை நாய் வைத்திருப்பவனுக்கு வேலை நாயை ஓட வைப்பது இல்லை. எங்கே, எப்போது ஓட விடக்கூடாது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவோம். மார்கழி, தையில் காட்டில் சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று ஏதாவது நிற்கும். நாயை அவிழ்த்துவிட்டால் காட்டுக்காரர் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். மாசியில் அறுவடை முடிந்து, பருத்தியும் கடைசி எடுப்பு எடுத்து, காய்ந்த செடியான மாரையும் பிடுங்கிவிட்டால் பங்குனியில் காடு வெறுங்காடு. ஒரு வரப்பில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் வரை தெரியும். நமக்குத் தெரிவது இருக்கட்டும், நாய்க்குத் தெரிவதுதான் பிரச்சினை. இந்த இனம் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுவது. தூரத்தில் ஒரு கீரி குறுக்கே ஓடினால் போதும், சூரன் அப்படியே கல்லாகிவிடுவான். காது பின்னால் மடியும், ஒரு முன்னங்கால் தூக்கியபடி நிற்கும். அந்த ஒரு நொடிக்குள் கூப்பிட்டால் திரும்புவான். கிளம்பிவிட்டான் என்றால் பெற்ற தாய் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் எல்லாம் இதை வளர்க்கிறோம், அதையும் மறைக்க வேண்டாம். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும்: உடம்பைச் சுருட்டும்போது ஒரு முறை, நீட்டும்போது ஒரு முறை. புழுதி கூட அவன் போன பிறகுதான் கிளம்பும்.

ஆனால் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் காய்ந்தால் வெடிக்கும். பங்குனி பாதிக்குள் பாளம் பாளமாகப் பிளந்து, சில வெடிப்புகளில் முழங்கை வரை கையை விடலாம். அந்த வேகத்தில் முன்னங்கால் வெடிப்புக்குள் போனால் எலும்பு முறிவுதான். இந்த நாய்களின் கால் எலும்பு மெல்லியது, மேலே சதையும் கிடையாது. அதனால் வெடிப்பு விழ ஆரம்பித்ததும் கரிசலில் அவிழ்த்துவிடுவதை நிறுத்திவிடுவேன். கண்மாய்க்கு உள்ளே, தண்ணீர் வற்றிய தரையும் வேண்டாம், வண்டல் காய்ந்தால் கரிசலைவிட மோசமாக வெடிக்கும். ஓடை மணல்தான் சரியான இடம். ஓடைக் கரை இரண்டு பக்கமும் உயரமாக இருப்பதால் தூரத்தில் ஓடுவதும் கண்ணில் படாது. அங்கே இரண்டு பேரையும் அவிழ்த்துவிட்டால் ஐந்து நிமிடம் புயல், பிறகு நாக்கைத் தொங்கப்போட்டு மணலில் குப்புறப் படுத்துவிடுவார்கள். வேட்டை நாய் நாள் முழுக்க ஓடும் என்று நினைப்பவர்கள் வளர்த்துப் பார்க்காதவர்கள். கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடும், மிச்ச நேரம் தூங்கும்.

அவிழ்க்காத நாட்களில் கயிற்றோடு நடைதான். சிலர் நீளக் கயிறு கட்டி விடுகிறார்கள், அது வேண்டாம். கயிறு முடிகிற இடத்தில் முழு வேகத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். சாதாரணக் கழுத்துப் பட்டையும் சரிப்படாது. தலை ஒடுக்கம், கழுத்து தடிமன், பின்னால் ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை உங்கள் கையில், நாய் ரோட்டில். இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற அகலப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால் பார்க்கிற வேலை. சீமைக்கருவேல முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே ஒடிந்திருக்கும். கைபேசி வெளிச்சத்தில் ஊசியும் முள்வாங்கியுமாக நான் உட்கார்ந்தால் ராணி தானாகவே காலை நீட்டுவாள். சூரனைப் பிடிக்க ஆள் வேண்டும். முள்ளைவிட மோசம் இந்தப் பருவத்தில் காய்ந்து நிற்கும் ஊசிப்புல். அதன் விதை விரல் இடுக்கிலோ காதிலோ ஏறினால் பின்னால் வராது, உள்ளே உள்ளேதான் போகும். நாய் விடாமல் தலையை உதறினாலோ ஒரே விரலை நக்கிக்கொண்டே இருந்தாலோ அதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

சாப்பாடு பெரிய விஷயம் இல்லை. காலையில் கம்பங்கஞ்சியில் மோர் ஊற்றிக் கொஞ்சம், பொழுது சாய்ந்த பிறகு கேப்பைக் களியோ சோறோ, கூட முட்டை அல்லது கறி. "மனுசனுக்கே மோர் பத்தல, இதுகளுக்கு வேற" என்று அம்மா தினமும் சொல்வார், சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார். ஒன்று மட்டும் கறாராக வைத்திருக்கிறோம்: சாப்பிட்ட கையோடு ஓட்டம் கிடையாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வேப்பமரத்தடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பறித்துக் குழி போட்டு அதற்குள் வயிறு படப் படுத்துக்கொள்வார்கள். பங்குனி கடைசியில் வேப்பம்பூ கொட்டும்போது ராணியின் கறுப்பு முதுகு முழுக்க வெள்ளைப் பூவாக இருக்கும். குழியை மூட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. குட்டை முடி, கொழுப்பில்லாத உடம்பு என்பதால் லாப்ரடார் மாதிரி இனங்களைவிட இவை வெயில் தாங்கும், உண்மைதான். ஆனால் எந்த நாய்க்கும் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாய்க்கு இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. வெயிலில் ஓடி அது 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எச்சில் கட்டியாக வழிவது, ஈறு அடர் சிவப்பாவது, கால் தள்ளாடுவது எல்லாம் அடையாளம். உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடை இடுக்கில் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் காற்று வீசுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். 1962-க்கு அழைத்தால் அரசின் கால்நடை மருத்துவ ஊர்தி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவதை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் உண்ணி. என்னைக் கேட்டால் இந்த மாதங்களில் வெயிலைவிட இதுதான் எதிரி. முடி குட்டையாக இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி இந்த மூன்று இடத்தையும் தினமும் தடவிப் பார்த்தால் போதும். ஆனால் நாயிடம் இருப்பதை எடுத்துப்போட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். எங்கள் பழைய மண்சுவர், கல்கட்டு, ஓலைக் கொட்டகை எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். அதனால் பொங்கலுக்கு அடித்த வெள்ளையோடு விடாமல், பங்குனியில் நாய் படுக்கிற பக்கம் மட்டும் வெடிப்பை அடைத்து மறுபடி சுண்ணாம்பு அடிப்போம். உண்ணியால் வரும் காய்ச்சலில் நாய் சோறு தின்னாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் இரத்தம் வரும். கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையில் குணமாகும். பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கி நாய் மேல் ஊற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். நாய் நக்கித்தானே உடம்பைச் சுத்தம் செய்யும்? யோசிக்க வேண்டாமா?

சாயங்காலம் வேறு ஒரு கவலை. வெறுங்காடு ஆனதும் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள் கிடை போட வந்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் ஆடு ராத்திரி ஒரு காட்டில் அடைந்தால் நிலத்துக்கு உரம், அதற்குக் காட்டுக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைக் கூட்டுக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கிடைக்கு எதிரில் வேட்டை நாயோடு போனால் கீதாரி தூரத்திலேயே கம்பை உயர்த்துவார். "தம்பி, நாய இறுக்கிப் பிடிங்க, குட்டி கிடக்கு." "பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி." தினமும் இதே பேச்சு. அவர் பயம் நியாயமானது. ராணி சின்னதிலிருந்து ஆட்டோடு வளர்ந்தவள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். துள்ளி ஓடுகிற குட்டியைப் பார்த்தால் சூரனுக்கு உடம்பே நடுங்கும்.

டீக்கடையில் எப்போதும் ஒருவர் கேட்பார், முயல் பிடிக்குமா என்று. பிடிக்கும், பிடிக்க விடுவதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் ராத்திரி லைட் அடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். முயலோ உடும்போ மயிலோ, நாய் பிடித்தாலும் வழக்கு நம் மேல்தான். மயிலோ இப்போது கோழியை விட அதிகமாகத் திரிகிறது. வேட்டை போனதால் இந்த நாயை ஊரில் வைத்திருக்கக் காரணமும் போய்விட்டது என்று பெரியவர்கள் வருத்தப்படுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களும் வந்தன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெயர் பரவியதும் விலையும் ஏறியது, எதையோ எதோடோ சேர்த்துவிட்டுச் சிப்பிப்பாறை என்று விற்பவர்களும் பெருகினார்கள்.

பங்குனியில் பொங்கலும் கொடையுமாக ஊர் ஊருக்குத் திருவிழா. சிவகாசி பக்கத்திலேயே இருக்கும்போது வெடிக்குக் கேட்கவா வேண்டும்! முதல் வேட்டுச் சத்தத்தில் கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வராமல் போன நாய்கள் எங்கள் பக்கம் நிறைய. அன்றைக்கு இரண்டையும் உள்ளறையில் விட்டு, கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிடுவோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பமே வேன் ஏறும்போது சித்தப்பா மட்டும் வீட்டில் தங்குவார். ராணி வீட்டு ஆள் தவிர வேறு யார் வைத்தாலும் தின்ன மாட்டாள். சித்தப்பாவுக்குக் கோயிலுக்கு வராமலிருக்க அது ஒரு சாக்கு என்பது அம்மாவின் கட்சி.

எப்போதாவது சித்திரையில் ஒரு கோடை மழை. புழுதிக் காற்று, மின்வெட்டு, அரை மணி நேரம் கொட்டல், அவ்வளவுதான். அதற்கப்புறம் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும் பாருங்கள், சூரன் பின்னங்காலில் எழும்பி எழும்பிக் காற்றிலேயே கவ்வித் தின்பான். ராணி உட்கார்ந்த இடத்தில் இறகு உதிர்ந்து விழுவதைப் பொறுக்குவாள். ராத்திரி புழுக்கத்துக்கு வாசலில் கட்டில் போட்டு நாங்களும் வெளியேதான் படுப்போம். விரியன் ஊரும் காலம். நாய் ஒரு இடத்தையே பார்த்துக் குரைத்தால் டார்ச் இல்லாமல் யாரும் காலைக் கீழே வைப்பதில்லை.

சரி, அப்பா அம்மாவுக்குக் குட்டி வாங்கலாமா? அவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை என்றால் வேண்டாம் என்பேன். முழுதாக வளர்ந்த நாய் ஒரு இழுப்பு இழுத்தால் வயதானவர் விழுந்துவிடுவார். இந்த இனம் பெரும்பாலும் ஒருவரிடம்தான் ஒட்டும். விடுமுறைக்கு நீங்கள் வந்து பழக்கிவிட்டுப் போனால், நீங்கள் போன பிறகு அவர்கள் சொல் கேட்காது. காவலுக்கும் துணைக்கும்தான் என்றால் நன்றாகப் பழகிய, நான்கைந்து வயதுப் பெண் நாயாகத் தேடுங்கள். குட்டிதான் வேண்டும், கூடவே ஓட ஒரு தம்பியோ மருமகனோ ஊரில் இருக்கிறார் என்றால் கத்திரி வெயில் முடியட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும், மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. தாய் நாயை நேரில் பார்க்காமல் கைபேசியில் வந்த படத்தை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்.