4 ஆண்டு 7 மாதத்தில் பெரிய நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்து, கூடுதல் சம்பளம் தரும் சிறு நிறுவனத்துக்குப் போனால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) போய்விடுமா?

போகாது; ஆனால் புதிய சிறு நிறுவனம் அவசரப்படுத்துகிறது என்பதற்காக உங்கள் 90 நாள் நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் 5 ஆண்டு என்று சொன்னாலும், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸை முழுமையாக முடித்தால் அந்த வரம்பைக் கடந்துவிடுவீர்கள். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், 15/26 கணக்கில் (மாதத்தை 26 நாளாகக் கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்) 5 ஆண்டுக்கு ஏறத்தாழ 1,15,000 ரூபாய் வரும்.

புதிய நிறுவனத்தில் சம்பளம் மிகக் கூடுதலாகத் தெரிவதற்கு, முதலாளியின் வருங்கால வைப்பு நிதிப் பங்கையும் சிடிசியில் (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையில்) சேர்த்திருப்பது காரணமாக இருக்கலாம். மாதந்தோறும் கையில் வரும் தொகையை எழுத்தில் கேட்டு, இப்போதைய சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெற்றோருக்கான குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும் (பலரும் இதைத்தான் மறக்கிறார்கள்).

சில மனிதவளத் துறைகள் முழு 5 ஆண்டையே வலியுறுத்துகின்றன; ஆகவே ராஜினாமாவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.