டென்னிஸ் எல்போ வலிக்கு ஊசி சிகிச்சையும் கையால் செய்யும் பிசியோதெரபியும் சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம். நான் எடுத்தேன், கேட்டது. ஆனால் எந்த ஊசி என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் கையை நம்பிப் பிழைப்பவர் என்று நினைத்தே எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் மாஸ்டராக 19 வருடம். போன வருடம் வலது முழங்கையின் வெளிப்பக்க மேட்டில் வலி பிடித்தது. டீ கிளாஸைத் தூக்கினாலே சுரீர் என்றது, ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. "ஏனுங் மாஸ்டர், எப்பங்க டென்னிஸ் ஆடப் போனீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. இந்த வலி வருகிற பெரும்பாலோர் மட்டையைத் தொட்டதே இல்லை. மணிக்கட்டைத் தூக்கும் தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடம், இறுக்கிப் பிடித்துப் பிடித்தே நைந்துவிடுகிறது.

முதலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்தே நாளில் வலி போனது, மூன்றாம் மாதம் இரண்டு மடங்காகத் திரும்பியது. அந்த ஊசி போட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்புவது அதிகம் என்று 2013-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வே சொல்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபி அம்மணியிடம் போனேன். அவர் வைத்தது ட்ரை நீடிலிங், மருந்தே இல்லாத மெல்லிய ஊசி. முன்கைச் சதையில் முடிச்சுப் பார்த்து இறக்கியதும் சதை மீன் போல ஒரு துள்ளு துள்ளியது. ஊசியை எடுத்தபின், மேல்கையை அழுத்திக்கொண்டு முன்கையை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்து, "இப்ப கைய இறுக்கி மூடுங்க" என்றார். மூடினேன், வலிக்கவில்லை. எத்தனையோ மாதம் கழித்து! கண் கலங்கிவிட்டது.

இப்படி ஆறு முறை. கூடவே வீட்டில் மூன்று மாதம் பயிற்சி: முன்கையை மேசையில் வைத்து, தண்ணீர் பாட்டிலோடு இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி, பிறகு வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். ஊசியும் கையும் வலியைத் தணித்துக் கொடுத்தன, நாரைப் பலமாக்கியது பயிற்சிதான் என்பது என் அனுபவம்.

நான் டாக்டர் இல்லை. பலருக்கு ஒரு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும் என்று கருத்துப் போட வருவீர்கள். உண்மைதான். பீஸ் ரேட்டுக்காரன் ஒரு வருடம் சும்மா இருந்தால் சனிக்கிழமை சம்பளத்துக்கு எங்கே போவான்? காண்ட்ராக்டில் ஓட்டியதால் 19 வருடத்தில் எனக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கிடையாது, எல்லாமே கைக்காசு. என் மேசையில் துணி விரிக்கும் இரண்டு பையன்களுக்கும் இப்போதே முழங்கை வலிக்கிறதாம். அவர்களுக்கும் கார்டு இல்லை.