ஒன்பது மணி அழைப்பு

கேள்வி: எனக்கு வயது 54. ஆரையம்பதியில் இருக்கிறேன். இரண்டு வருடமாகச் சரியான நித்திரை இல்லை. பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வைத்தியர் உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்றார். தினமும் வேதாகமத்தில் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தை வாசித்து, ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். கொக்கட்டிச்சோலையில் வாடகை வீட்டில் இருக்கும் தங்கச்சி, கணவனை இழந்தவள், ஒன்பது மணிக்குப் போன் எடுப்பாள். அம்மா அவளுக்கென்று சொல்லி என் பெயரில் எழுதிவைத்த மூன்று ஏக்கர் வயலைப் பற்றிக் கதைத்து மனதைக் குழப்புவாள் என்பதால், ஏழு மணிக்கே போனை நிறுத்திவிட்டு வேதத்தை விரிக்கிறேன். அடுத்த வேளாண்மை வெட்டியதும் அதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கடவுள்மேல் இன்னும் எப்படி நம்பிக்கை வைத்தால் நித்திரை வரும்?

பதில்: உங்களைவிட மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்றே அழைக்கிறேன். நித்திரையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தாண்டி வந்து, ‘ஏழு மணிக்கே போனை நிறுத்திவிட்டு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவள் எடுப்பது ஒன்பது மணிக்கு. நீங்கள் ஏன் ஏழு மணிக்கே நிறுத்துகிறீர்கள்? தவறிக்கூட அவள் குரல் காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே? ஒரு விதவைத் தங்கச்சியின் வாயை அடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே வேதத்தை விரிக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது, தம்பி.

நீங்கள் வாசிக்கும் அதிகாரத்துக்கே வருவோம். 24ஆம் வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: படுத்துக்கொள்ளும்போது உன் நித்திரை இன்பமாயிருக்கும். ஆனால் அது தனியே நிற்கும் வசனமா? 21ஆம் வசனம் ஞானத்தையும் நல்லாலோசனையையும் காத்துக்கொள் என்கிறது. அப்படிக் காத்துக்கொண்டவனுக்குத்தான் அந்த நித்திரை. அதிகாரம் 35 வசனம் வரை போகிறது. நீங்கள் 24இல் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள் போலிருக்கிறது. இன்னும் நான்கு வசனம் கீழே இறங்குங்கள். உன்னிடத்தில் பொருள் இருக்கையில், ‘நீ போய்த் திரும்ப வா, நாளைக்குத் தருவேன்’ என்று அயலானிடம் சொல்லாதே என்று 28ஆம் வசனம் சொல்கிறது. அயலானுக்கே அப்படியென்றால், கூடப் பிறந்தவளுக்கு?

‘அடுத்த வேளாண்மை வெட்டியதும்’ என்று நீங்கள் எழுதியது அந்த ‘நாளைக்குத் தருவேன்’ தான். அந்த வயலில் இதுவரை எத்தனை மாரி விதைத்தீர்கள், எத்தனை மூடை வீட்டுக்கு வந்தது, அதில் கொக்கட்டிச்சோலைக்கு எத்தனை மூடை போனது? கடிதத்தில் ஒரு கணக்கும் இல்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எஸ்தர் புத்தகத்தில் ஓர் அரசனுக்கு நித்திரை வராத இரவு ஒன்று உண்டு. அவன் அரசின் நடபடிகளை எழுதிவைத்த புத்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். தன் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாயின் பெயர் அதில் வருகிறது. இதற்காக அவனுக்கு என்ன செய்தோம் என்று கேட்கிறான். ஒன்றும் செய்யவில்லை என்று பதில் வருகிறது. விடிந்ததும் அரசன் முதலில் செய்வித்தது அந்தக் கடனைத் தீர்க்கும் வேலை. உங்களை இரண்டு மணிக்கு எழுப்புகிறவர் கர்த்தர் என்றே நான் நம்புகிறேன். அவர் எழுப்ப எழுப்ப நீங்கள் திரும்பவும் தூங்கவையுங்கள் என்று அவரிடமே மன்றாடுகிறீர்கள்.

இது மட்டக்களப்பு, தம்பி. இங்கே பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் மாப்பிள்ளையை அழைத்துவருவோம். தங்கச்சிக்கு வீடு எழும்பும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மாரை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களும் இரவில் விழித்துத்தான் கிடந்தார்கள். சீமெந்துக்கும் ஓட்டுக்கும் காசு எங்கே புரட்டுவது என்ற யோசனையில். அண்ணன் என்றால் அதுதான் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். அம்மா உங்கள் பெயரில் எழுதிவைத்தது உங்களை நம்பி. கடவுளை நம்புவது எப்படி என்று கேட்கிறீர்கள். உங்களை நம்பிய ஒருத்திக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போங்கள். இரண்டு சாட்சிகளை வைத்து அவள் பெயருக்கு உறுதி முடியுங்கள். காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு அந்த உறுதியை அவள் கையில் கொடுங்கள். இதுவரை எடுத்த விளைச்சலின் கணக்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையைச் சொல்லுங்கள். முன்பு மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று வாவியைக் கடக்க வேண்டும். 2014 முதல் பாலம் இருக்கிறது, தூரம் என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

இன்றிரவு ஏழு மணிக்குப் போனை நிறுத்தாதீர்கள். ஒன்பது மணிக்கு அவள் எடுப்பாள். அவள் வயலைப் பற்றிக் கேட்கும்வரை காத்திருக்காமல், நொத்தாரிசிடம் போகும் திகதியை நீங்களே முதலில் சொல்லுங்கள்.